வீட்டில் வேலை: தனித்துப் போகும் பிள்ளைகள்!



"வீட்டில் சும்மாதானே இருக்கிறாய், சிலிண்டர் வந்திருக்கிறது, போய் இறக்கி வை!"

கணினி வேலை பார்க்கும் பிள்ளைகள் உள்ள போடிநாயக்கனூர் வீடுகளில் இந்தக் குரல் கேட்காத நாள் உண்டா? 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள் நம் பிள்ளைகள். பிறகு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப அழைத்தன. டி.சி.எஸ். நிறுவனம் 2023 அக்டோபரிலிருந்து வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொன்னது. மாதத்தில் சில நாட்கள் வந்தால் போதும் என்ற நிறுவனங்களும் உண்டு. 2010 இறுதியில் மீட்டர்கேஜ் ரயில் நின்றுபோன நம் ஊருக்கு, 2023 ஜூன் 15 அன்று அகலப்பாதையில் சென்னை ரயில் வந்துவிட்டது. சில நாள் அங்கே, மீதி நாள் இங்கே என்று ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய வசதி.

பெற்றோரின் பக்கத்தில் இருந்துகொண்டே சம்பாதிப்பதை யார் குறை சொல்ல முடியும்? அத்தாவின் ஜனாஸாவுக்குக்கூட வந்து சேர முடியாத தூரத்துக்கு, வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய சமுதாயம் நாம். இதன் அருமை நமக்குத் தெரியாதா? ஆனால் கணினி முன் உட்கார்ந்திருப்பவனை வேலையில்லாதவன் என்று நினைக்கிறோமே, அது என்ன நியாயம்? ஏலக்காய்த் தோட்ட வேலைக்காகக் காலையில் ஜீப் ஏறி போடிமெட்டு தாண்டிப் போகிறவரை, நடுவில் கூப்பிட்டு ரேஷன் கடைக்கு அனுப்புவோமா? மருமகள் வீட்டிலிருந்து வேலை பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். அடுப்பும் அவளுக்கு, கணினியும் அவளுக்கு. மாமியார்களே, கொஞ்சம் யோசியுங்கள்!

வீட்டுக்குள் உள்ள சிக்கலைப் பேசித் தீர்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. அது சக ஊழியர்களோடு உள்ள உறவு.

அலுவலகம் போகிறவர், "அவன் ஊரில் சொகுசாக இருக்கிறான், அவசர வேலையெல்லாம் என் தலையில்" என்று புழுங்குகிறார். வீட்டில் இருப்பவரோ, தான் ஏமாற்றவில்லை என்று நிரூபிப்பதற்காக, இரவு பதினொரு மணிக்கு வரும் செய்திக்கும் பதில் அனுப்புகிறார். ஒருவர் அப்படிப் பதில் அனுப்பிவிட்டால், மறுநாள் முதல் அது குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் கட்டாயமாகிவிடுகிறது! கைக்குழந்தையை வைத்துக்கொண்டிருக்கும் சக ஊழியை என்ன செய்வாள்? நம்முடைய பயம் அடுத்தவர் தூக்கத்தைப் பறிக்கிறது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

வீட்டிலிருந்து வேலை என்பது கணினி கொண்டுவந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் நம் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாக மடியில் சொளகை வைத்துக்கொண்டு வீட்டில் பீடி சுற்றினார்கள். இலையும் தூளும் முதலாளி தந்தார். இடம் அவள் வீடு, விளக்கு அவள் விளக்கு, முதுகுவலி அவளுக்கு. சுற்றிக் கொடுத்த பீடியில் ஒரு பங்கை "சரியில்லை" என்று கழித்தபோது, பக்கத்தில் நின்று "ஏன் கழிக்கிறாய்?" என்று கேட்க ஆள் இல்லை. 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டிலிருந்து சுற்றுகிறவரும் தொழிலாளியே என்றது. பீடி முதலாளிகள் எதிர்த்து வழக்காடினார்கள்; 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. இவ்வளவும் நடந்த பிறகும், தனித்தனி வீடுகளில் சிதறிக் கிடந்தவர்களுக்கு அந்த உரிமை எளிதில் கைக்கு வரவில்லை.

இதோ நம் ஊர் ஏலக்காய் குடோனைப் பாருங்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெடித்த காயையும் நிறம் மங்கிய காயையும் பிரிக்கிறார்கள். கூலி போதாது, அது வேறு சண்டை, அதைத் தனியாக எழுத வேண்டும். ஆனால் ஒருத்திக்கு எடை குறைத்துப் போட்டால் பக்கத்தில் இருப்பவள் கண்ணில் படும். காய்ச்சலில் துவண்டவளின் குவியலில் இன்னொருத்தி கை வைத்துத் தள்ளிக் கொடுப்பாள். வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் பட்டதாரிப் பிள்ளைக்கு இது உண்டா?

சீனாவில் சிடிரிப் என்ற பயண ஏற்பாட்டு நிறுவனம் 2010, 2011ஆம் ஆண்டுகளில் ஒன்பது மாதங்கள் ஒரு சோதனை நடத்தியது. விரும்பிய ஊழியர்களில் ஒரு பகுதியினரை வாரம் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டது. அவர்கள் வேலை 13 சதவீதம் கூடியது. ஆனால் அதே அளவு திறமை காட்டிய அலுவலக ஊழியரோடு ஒப்பிட்டால் பதவி உயர்வு குறைந்தது. சோதனை முடிந்து விருப்பம் கேட்டபோது, வீட்டிலிருந்தவர்களில் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். அவர்கள் சொன்ன பெரிய காரணம் தனிமை! முதலாளிக்கு லாபம் வந்தது, தொழிலாளி கூட்டாளியை இழந்தான்.

வேலை நேரம் முடிந்தபின் அழைப்பை ஏற்காமல் இருக்கும் உரிமை பற்றி பிரான்ஸ் நாட்டில் 2017 முதல் சட்டம் இருக்கிறது. நம் நாடாளுமன்றத்தில் சுப்ரியா சுலே 2018இல் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், 2025 டிசம்பரில் மீண்டும் கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களின் கதி என்ன என்பது நமக்குத் தெரியும். வீட்டிலிருந்து செய்யும் வேலை குறித்து 1996இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 177ஆம் உடன்படிக்கையையும் இந்தியா ஏற்கவில்லை. சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியுமா?

இளைஞர்களே! எத்தனை மணிக்கு வேலை தொடங்குவோம், எத்தனை மணிக்கு முடிப்போம் என்பதைக் குழுவினர் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்; அதை எல்லோரும் சேர்ந்து டீம் லீடரிடம் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் சோம்பேறி என்பார்கள், பத்துப் பேர் சொன்னால் ஏற்பாடு என்பார்கள். வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணி நேரம் பள்ளிவாசலில் இருப்பேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். செல்போனில் 'ஆன்லைன்' என்று காட்டிக்கொண்டு ஜும்ஆவில் உட்காருவது என்ன நேர்மை? அந்த ஒரு மணி நேரத்தைச் சுமக்கும் நண்பருக்கு, தீபாவளியன்றும் கிறிஸ்துமஸ் அன்றும் அவருடைய பொறுப்பை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலகம் போகும் சகாவிடம் வேலை இல்லாத நேரத்திலும் பேசுங்கள். அவருக்குப் பயணம், உங்களுக்குத் தனிமை. இருவருக்கும் சுமை இருக்கிறது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நம் மக்தப் மதரஸாக்கள் காலையிலும் மாலையிலும்தான் நடக்கின்றன. பகல் முழுவதும் பூட்டுத் தொங்குகிறது. தென்காசி பக்கம் மத்தளம்பாறை கிராமத்தில் ஜோஹோ நிறுவனம் அலுவலகமே நடத்துகிறது. நம்மால் ஒரு அறையைத் திறக்க முடியாதா? நான்கு மேசை, மின்சாரம் போனால் ஓடும் இன்வெர்ட்டர், இணைய இணைப்பு, பெண்களுக்குத் தனி அறை, இவ்வளவு போதும். செலவை வேலை பார்ப்பவர்களே பகிர்ந்துகொள்வார்கள். தெருவில் உள்ள எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் வந்து உட்காரட்டும். அஸருக்குப் பிறகு ஓத வரும் சிறுவர்களுக்காக அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை மட்டும் போடுங்கள்.