ராக்கெட்டா, ஆஸ்பத்திரியா?

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும்போதெல்லாம் நம்மவர்களிடையே ஒரு விவாதமும் கிளம்பிவிடும். "ஏழைகள் நிறைந்த நாட்டுக்கு ராக்கெட் எதற்கு? அந்தப் பணத்தில் நாலு ஆஸ்பத்திரி கட்டலாமே!" என்பார் ஒருவர். "விஞ்ஞானம் வளராமல் நாடு எப்படி வளரும்?" என்பார் மற்றவர். மாட்டுங்கா காபிக் கடைகளிலும், செம்பூர்க் கோயில் வாசல்களிலும், சங்கக் கூட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியிலும் இந்தப் பட்டிமன்றத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாகவே தோன்றும். ஆனால் கேள்வியே பிழையானது என்பது என் தாழ்மையான கருத்து.

இதைச் சொல்ல இவனுக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். தோல் பதனிடும் வேலை தேடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்து, தாராவி 90 அடி சாலையில் வளர்ந்தவன் நான். டிப்ளமோ முடித்ததும், மயக்க மருந்து கொடுக்கும் இயந்திரங்களையும் வென்டிலேட்டர்களையும் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். பிறகு விண்வெளித் துறைக்கு வால்வுகள் செய்து கொடுத்த ஒரு பட்டறையில், அவற்றில் கசிவு உண்டா என்று சோதிக்கும் பிரிவில் சில ஆண்டுகள். ஓய்வு பெறும்வரை, ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்சிஜன் நிலையம் நிறுவும் வேலை. "மூன்று தொழில் பார்த்தவர்" என்று உறவினர்கள் என்னைச் சொல்வார்கள். என் கணக்கில் அது ஒரே தொழில்தான். மூச்சுக்காற்று தடையில்லாமல் மனிதனுக்குப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவே அந்தத் தொழில்.

ஆபரேஷன் தியேட்டரை எடுத்துக்கொள்வோம். மயக்கத்தில் இருப்பவர் வெளிவிடும் மூச்சு, சோடா லைம் என்ற குருணை நிரப்பிய டப்பா வழியாகச் செல்கிறது. அங்கே கரியமில வாயு நீங்கி, மீதிக் காற்று மறுபடி அவருக்கே வருகிறது. குருணையின் நிறம் மாறினால் அதன் சக்தி தீர்ந்தது என்று அர்த்தம், மாற்றிவிட வேண்டும். விண்கலத்தில் இதே வேலையை லித்தியம் ஹைட்ராக்சைடு டப்பாக்கள் செய்தன. 1970 ஏப்ரலில் அப்போலோ 13 கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, மூன்று வீரர்களும் சந்திரனில் இறங்குவதற்கான சிறு கலத்தில் தஞ்சம் புகுந்தார்கள். அது இரண்டு பேருக்காகச் செய்யப்பட்டது. தாய்க்கலத்தின் டப்பாக்களைப் பயன்படுத்தலாம் என்றால், அவை சதுரம். சிறு கலத்தில் பொருத்தும் இடமோ வட்டம். பிளாஸ்டிக் உறை, அட்டை, குழாய், ஒட்டும் டேப் ஆகியவற்றைக் கொண்டு இரண்டையும் இணைத்துப் பிழைத்தார்கள். உலகம் அதை வீரக்கதையாகக் கொண்டாடுகிறது. ஒரு கம்பெனியின் குழாய் மற்றொரு கம்பெனியின் இயந்திரத்தில் பொருந்தாமல் நள்ளிரவில் தவித்த எந்த மெக்கானிக்குக்கும் அது பழகிப்போன தொல்லை.

அடுத்து ஜியோலைட். கடுகு போன்ற சிறு மணிகளாக வரும் ஒரு கனிமம். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். ஜியோலைட் நிரப்பிய உருளைக்குள் காற்றை அழுத்திச் செலுத்தினால், மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் வெளியே வரும். அழுத்தத்தைக் குறைத்தால் பிடித்ததை விட்டுவிடும். இரண்டு உருளைகளை மாற்றி மாற்றி இயக்கினால் சுமார் 93 சதவீத ஆக்சிஜன் தொடர்ந்து கிடைக்கும். உயரத்தில் பறக்கும் தேஜஸ் போர் விமானத்தின் விமானிக்காக இந்த முறையில் ஒரு கருவியை உருவாக்கியது, பெங்களூரில் உள்ள டெபெல் என்ற பாதுகாப்புத் துறை ஆய்வகம். 2021-ல் கொரோனா இரண்டாம் அலை நம்மைப் புரட்டிப் போட்டபோது, அதே நுட்பம்தான் நிமிடத்துக்கு 1000 லிட்டர் தரும் ஆஸ்பத்திரி நிலையமாக மாறியது. அதைத் தயாரிக்க உரிமை பெற்ற நிறுவனங்களில் ஒன்று நம் கோயம்புத்தூரைச் சேர்ந்தது. 2025 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்ற நம் சுபான்ஷு சுக்லா அங்கே சுவாசித்த காற்றிலும், கரியமில வாயுவைப் பிரித்தெடுக்க உதவியது ஒருவகை ஜியோலைட்தான்.

இன்னும் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜினுக்காகத் தயாராகும் திரவ ஆக்சிஜன், 2021-ல் தமிழ்நாடு, கேரள ஆஸ்பத்திரிகளுக்கு லாரி லாரியாகப் போனது. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் அதே ஆண்டில் பிராணா, வாயு, ஸ்வஸ்தா என்று மூன்று வகை வென்டிலேட்டர்களை வடிவமைத்தது. ராமேஸ்வரத்து அப்துல் கலாம், ஏவுகணை வேலையின் நடுவே, போலியோ பாதித்த குழந்தைகள் மூன்று கிலோ இரும்புச் சட்டத்தை இழுத்து நடப்பதைக் கண்டு, சில நூறு கிராமில் எடை குறைந்த காலுறை செய்ய வைத்தார். டாக்டர் சோம ராஜுவுடன் சேர்ந்து இருதய ரத்தக்குழாய்க்கு ஸ்டென்ட் செய்தார். நம் செம்பூரை அடுத்த டிராம்பேயில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையமோ, புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் 'பாபாட்ரான்' என்ற இயந்திரத்தைத் தந்தது. ராக்கெட்டுக்குப் போகும் அறிவு ஆஸ்பத்திரிக்கு வராது என்று இனியும் யார் சொல்ல முடியும்?

இத்தோடு பேனாவை மூடினால் ராக்கெட் கட்சிக்கு வெற்றி. ஆனால் மறு பாதியையும் பார்க்க வேண்டும்.

2021 ஏப்ரல் 21 அன்று நாசிக் மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்றில், வெளியே இருந்த ஆக்சிஜன் தொட்டியில் கசிவு ஏற்பட்டது. உள்ளே வென்டிலேட்டர்கள் இருந்தன, டாக்டர்கள் இருந்தார்கள். சுமார் அரை மணி நேரம் வாயு சரியாக வராததால் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அடுத்த மாதமே, வந்திறங்கிய வென்டிலேட்டர்கள் சரியாக இயங்கவில்லை என்ற புகார் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை வரை போனது. இயந்திரம் சரியில்லை என்றது ஒரு தரப்பு. கையாளப் பயிற்சி இல்லை என்றது மறு தரப்பு. யார் சொன்னது சரியோ, படுக்கையில் மூச்சுக்குத் திணறியவருக்கு அந்த வாதத்தால் என்ன பயன்? தேசிய சுகாதார இயக்கம் மருத்துவக் கருவிப் பராமரிப்புத் திட்டத்தை 2015-ல் தொடங்கியபோது, மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை கருவிகள் இயங்காமல் கிடந்தன என்று கணக்கெடுப்பு காட்டியது.

ஏன் இப்படி? ஜியோலைட்டுக்கு ஈரம் ஆகாது. காற்றில் நீராவி இருந்தால் மணிகள் அதையே இறுகப் பிடித்துக்கொள்ளும். நைட்ரஜனைப் பிடிக்க இடம் இருக்காது. அதனால் காற்றை உலர்த்தும் கருவியையும் வடிகட்டியையும் கவனித்து, காலாகாலத்தில் மாற்ற வேண்டும். நான் பார்த்த ஒரு ஆஸ்பத்திரியில் ஆண்டுக்கணக்கில் அதை யாரும் தொடவில்லை. நிலையத்தின் வாசலில் திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் பளபளத்தது. வேறோரிடத்தில், ஆக்சிஜன் அளவு காட்டும் சிறு சென்சார் தேய்ந்துவிட்டது என்பதற்காகப் பல லட்ச ரூபாய் வென்டிலேட்டர் மூலையில் துணி போர்த்தி நின்றது. போர் விமானத்துக்காகப் பிறந்த நுட்பம் ஒரு வடிகட்டிக்கு ஆள் இல்லாமல் சாகிறது என்பதே நம் நிலைமை.

விண்வெளித் துறையில் இப்படி நடக்காது. ஒரு வால்வை நூறு முறை சோதித்து, யார் சோதித்தார், என்று சோதித்தார் என்று எழுதிக் கையெழுத்திட்டே அனுப்புவோம். ககன்யான் கலத்துக்கான உயிர்காப்பு அமைப்பை வெளிநாடுகள் தர முன்வராததால் நாமே செய்யப்போகிறோம் என்று, அன்றைய இஸ்ரோ தலைவர் சோமநாத் 2023 டிசம்பரில் அறிவித்தார். செய்து முடிப்பார்கள், சந்தேகமில்லை. அந்த ஒழுங்கும் அந்தக் கையெழுத்தும் தாலுகா ஆஸ்பத்திரிக்கும் வர வேண்டும் என்பதே என் வாதம். ராக்கெட்டிடமிருந்து நாம் கருவிகளை வாங்கிக்கொண்டோம்; பழக்கத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

பழக்கம் ஆட்களோடுதான் வரும். இந்த வேலைக்கு ஆள் எங்கே? நம் வீடுகளில் டாக்டர் ஆவது பெருமை, அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை அதைவிடப் பெருமை. ஆஸ்பத்திரிக் கருவி மெக்கானிக் என்றால் பெண் கொடுக்கவும் யோசிக்கிறார்கள். ஆனால் டாக்டரின் கைக்கும் நோயாளியின் மூச்சுக்கும் நடுவில் நிற்பவன் அந்த மெக்கானிக்தானே?

நம் மும்பைத் தமிழர்களால் இதற்கு ஏதாவது செய்ய முடியும். செம்பூரிலும் அணுசக்தி நகரிலும், அணு ஆராய்ச்சி மையத்தில் வாழ்நாள் முழுவதும் வேலை செய்து ஓய்வு பெற்ற தமிழ் இஞ்சினியர்கள் இருக்கிறார்கள். மாட்டுங்காவில் நம் சங்கங்களும் சபாக்களும் கூடும் அரங்குகள் இருக்கின்றன. தாராவியில், பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல், கையில் வேலைத்திறனோடு நிற்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த மூன்று இடங்களுக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணி தூரம்தான். ஆனால் நாம் ஒருவரையொருவர் பார்ப்பது பொங்கல் விழாவில் மட்டுமே. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பழைய வென்டிலேட்டரையும் ஒரு ஆக்சிஜன் கருவியையும் மேஜைமேல் வைத்து, பிரித்துப் பூட்டச் சொல்லிக்கொடுத்தால் போதும். ஆர்வம் காட்டும் பிள்ளைகளுக்கு மருத்துவ எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கச் சங்கம் கட்டணம் கட்டட்டும். பட்டிமன்றத்துக்கு ஆகும் செலவைவிட இது ஒன்றும் அதிகம் ஆகிவிடாது.

ராக்கெட்டா, ஆஸ்பத்திரியா என்று அடுத்த முறை யாராவது கேட்டால், பதிலுக்கு ஒன்று கேளுங்கள்: "நம் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வடிகட்டியைக் கடைசியாக மாற்றியது எப்போது, மாற்றியவர் யார்?" அதற்குப் பெயரும் தேதியும் சொல்லக்கூடிய ஊரில் இரண்டுமே நன்றாக நடக்கும்.