ஜெயித்தவனுக்கு நீளமான கத்தியா?

சதுரங்கத்தில் ஒரு புது விதி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரேட்டிங் 2000-ஐத் தாண்டியவருக்கு இனி ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு யானை கூடுதல். ஏன் என்று கேட்டால், "கஷ்டப்பட்டு மேலே வந்தவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்கிறார்கள். சென்னையில் எந்தச் செஸ் கிளாஸில் போய்ச் சொன்னாலும் எட்டு வயசுப் பொடியன்கூடச் சிரிப்பான். ஆனால் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில் கிட்டத்தட்ட இதே விதி வருஷக்கணக்கில் நடைமுறையில் இருந்தது. அதை எடுத்த பிறகும், "அது போனதால்தான் ஆட்டமே செத்துப்போச்சு, திரும்பக் கொண்டு வாருங்கள்" என்று ஒரு கோஷ்டி கூவிக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் கோஷ்டிக்கு.

விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்னுரை (தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம்). பிளிஸார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட விளையாட்டு இது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் உலாவுவார்கள், பூதங்களைக் கொல்வார்கள், பூதம் போடும் கத்தியையும் கவசத்தையும் மாட்டிக்கொண்டு இன்னும் பெரிய பூதத்தைத் தேடிப் போவார்கள். 2007 ஜனவரியில் வந்த 'தி பர்னிங் குரூஸேட்' தொகுப்போடு அரீனா வந்தது. இருவருக்கு இருவர், மூவருக்கு மூவர், ஐவருக்கு ஐவர். சின்ன மைதானம். கதவு திறந்ததும் சண்டை, ஒரு அணி முழுக்க விழும்வரை. ஜெயித்தால் ரேட்டிங் ஏறும், தோற்றால் இறங்கும். 1500-இல் ஆரம்பம். செஸ்ஸுக்காக ஆர்பாட் ஈலோ போட்ட கணக்கின் வாரிசு அது.

திட்டுவதற்கு முன் அரீனாவின் அழகைச் சொல்லாவிட்டால் பாவம் பிடிக்கும். ரோக், மேஜ், பிரீஸ்ட் என்ற மூவர் கூட்டணியை எடுத்துக்கொள்ளுங்கள். மேஜ் எதிராளியை மந்திரம் போட்டு ஆடாக்கிவிடுவார். ஆடு ஒன்றும் செய்ய முடியாது, சும்மா நடக்கும். ஆனால் யாராவது கைதவறி அந்த ஆட்டை அடித்துவிட்டால் மந்திரம் உடைந்துவிடும். அதே ஆளுக்கு உடனே இரண்டாம் முறை போட்டால் பாதி நேரம்தான் நிற்கும், மூன்றாம் முறை கால்வாசி, நான்காம் முறை ஒட்டவே ஒட்டாது. எதிராளி கழுத்தில் ஒரு பதக்கம் உண்டு. அதைத் தட்டினால் எந்த மந்திரத்திலிருந்தும் வெளியே வரலாம், ஆனால் மறுபடி தட்ட இரண்டு நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஆகவே மூன்று பேரும் மண்டைக்குள் கடிகாரம் ஓட்டுகிறார்கள். எதிரணி ஹீலர் பதக்கத்தைத் தட்டிவிட்டாரா? எத்தனை விநாடி ஆச்சு? முதலில் பொய்யாக ஒருவரைத் துரத்தி, ஹீலரைப் பயமுறுத்திப் பதக்கத்தைத் தட்ட வைத்து, பிறகு நிஜமான ஆளின் மேல் விழுவார்கள். எதிரணியும் சும்மா இருக்காது. நாக்ராண்ட் மைதானத்தில் நாலு தூண் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஆள் மேல் மந்திரம் போட முடியாது என்பதால் தூணைச் சுற்றியே ஒரு கண்ணாமூச்சி நடக்கும். ஐந்து நிமிஷம் அலைந்துவிட்டு ஐந்து விநாடியில் ஆட்டம் முடியும். கபடியில் ரெய்டர் காலைப் பிடிக்க ஏழு பேர் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள் பாருங்கள், அந்த மாதிரி.

இதைக் கெடுத்தது பரிசு.

ஆரம்பத்தில் வாரம் பத்து ஆட்டம் ஆடினால் போதும், தோற்றவருக்கும் கொஞ்சம் புள்ளி கிடைக்கும். சேர்த்து வைத்து ஆயுதம் வாங்கலாம். இருபத்தைந்து பேராகச் சேர்ந்து ராத்திரி ராத்திரி பூதம் அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வயிறு எரிந்தது. பத்து ஆட்டம் தோற்றவனுக்கும் எங்களுக்கும் ஒரே கத்தியா? கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கிடைத்த தீர்வு விபரீதம். 2007 நவம்பரில் தொடங்கிய மூன்றாம் சீசனில் ஆயுதம் வாங்க ரேட்டிங் 1850, தோள்கவசம் வாங்க 2000 என்று ஆனது.

ஒரே திறமை கொண்ட இரண்டு அணிகள், இரண்டும் 1840. ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒன்றுக்கு இரண்டு ஆட்டம் அதிர்ஷ்டத்தில் விழுகிறது, வாசலைத் தாண்டி ஆயுதம் வாங்கிவிடுகிறது. அடுத்த வாரம் இரண்டும் மோதினால் அது சமமான மோதலா? முன்னே போனவர் இன்னும் முன்னே போவார், பின்னே நின்றவர் எவ்வளவு கற்றுக்கொண்டாலும் முதலில் அந்தக் கத்தியைத் தாண்டியாக வேண்டும். புதிதாக வருகிறவர் கதியைச் சொல்லவே வேண்டாம்.

நிறுவனத்துக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். 2008-இல் கட்டணம் வாங்கிக்கொண்டு போட்டிக்கென்று தனி சர்வர் திறந்தார்கள். அங்கே எல்லாருக்கும் உச்ச மட்டத்துக் கவசமும் ஆயுதமும் இலவசம், ரெடிமேட். பரிசுப்பணம் வைத்து ஆடும்போது ஆயுதம் சமமாக இருக்க வேண்டும், மாதச் சந்தா கட்டி ஆடுகிற சாதாரண ஜனத்துக்கு வேண்டாம். என்ன ஒரு நீதி :-)

வாசல் என்று ஒன்று இருந்தால் பக்கத்தில் தரகர் முளைப்பார். முதல் வருஷத்திலேயே ரேட்டிங் அணியின் பெயரில் இருந்ததால், உயர்ந்த அணியை உருவாக்கி அதில் இடம் விற்றார்கள். அதைத் தடுக்க ஒவ்வொருவருக்கும் தனி ரேட்டிங் வந்தது. உடனே வாடிக்கையாளரைக் கூட வைத்துக்கொண்டு தூக்கிவிடும் 'பூஸ்டிங்' தொழில் வளர்ந்தது. 2020-இல் வந்த ஷேடோலேண்ட்ஸ் தொகுப்பில் கவசத்தை உச்சத்துக்கு ஏற்ற 2100 ரேட்டிங் வேண்டும் என்றார்கள், தரகர்களுக்குத் தீபாவளி. 2015 முதல் நிறுவனமே டோக்கன் விற்கிறது. நிஜப் பணம் கொடுத்து டோக்கன் வாங்கி, அதை விளையாட்டுத் தங்கமாக மாற்றிக்கொள்ளலாம். தங்கத்தைக் கொடுத்தால் ஒருவர் உங்களைத் தூக்கிவிடுவார், ரேட்டிங் வந்தால் கத்தி வரும். 2022 ஜனவரியில் பூஸ்டிங் செய்யும் பெரிய அமைப்புகளைத் தடை செய்தார்கள். தனியாள் தங்கத்துக்குச் செய்வதைத் தடுக்கவில்லை. "உழைத்து வந்தவனுக்கு மரியாதை" என்று கோஷ்டி சொல்கிறதே, அந்த மரியாதைக்கு ரேட்கார்டு இருந்தது.

இதைவிட மோசமான இன்னொன்று உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இரண்டு நண்பர்கள். ஒருவர் ஹன்டர், மற்றவர் ஷாமன். காலேஜ் முடிந்து ஆளுக்கொரு ஊர், ராத்திரி ஹெட்செட்டில்தான் சந்திப்பு. அந்த சீசனில் அவர்கள் ஜோடி எடுபடவில்லை, 1700-க்கு மேல் நகரவில்லை. வெறும் ரேட்டிங் என்றால் பரவாயில்லை, சிரித்துவிட்டு அடுத்த ஆட்டம் ஆடலாம். ஆனால் அந்தப் பக்கம் ஆயுதம் காத்திருக்கிறது, அது இல்லாவிட்டால் அடுத்த மாதம் இன்னும் மோசமாகத் தோற்போம் என்ற பயமும் இருக்கிறது. ஹன்டர் ஒரு நாள், "மச்சி, இந்த ஒரு வாரம் மட்டும் வேற ஒருத்தனோட ஆடிட்டு வந்துடறேன்டா" என்பார். அந்த ஒரு வாரம் எப்படி முடியும் என்று இந்த விளையாட்டை ஆடிய யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நண்பன் என்பவன் கணக்கில் ஒரு கழித்தல் குறியாகிப் போகிறான். கோபம் ஹன்டர் மேல் இல்லை, அந்த விலைப்பட்டியலை எழுதியவர்கள் மேல்.

கோஷ்டியின் பெரிய ஆயுதம் லீஜன். 2016-இல் வந்த அந்தத் தொகுப்பில் அரீனாவுக்குள் போனதும் கவசத்தின் கணக்கெல்லாம் ஓரம் போய், ஒவ்வொரு வகைக்கும் ஒரே மாதிரி பலம் கிடைத்தது. பலருக்குப் பிடிக்கவில்லை, 2018-இல் கைவிட்டார்கள். "பார்த்தீர்களா, சமத்துவம் தோற்றது!" என்கிறார்கள். தோற்றது சமத்துவம் இல்லை ஐயா. தன் பாத்திரத்தைத் தன் இஷ்டத்துக்கு வடிவமைக்கும் சுதந்திரத்தைப் பிடுங்கியதுதான் தோற்றது. எல்லாருக்கும் ஒரே தரமான கவசத்தைக் கொடுத்து, அதில் வேகம் வேண்டுமா வலு வேண்டுமா என்பதை அவரவர் கையில் விட்டால் அந்தப் புகாருக்கு இடமில்லை. 2022-இன் இறுதியில் டிராகன்ஃப்ளைட் ஏறக்குறைய அதைத்தான் செய்தது. சிறந்த கவசத்துக்கு ரேட்டிங் தேவையில்லை, ரேட்டிங் ஏறினால் பட்டமும் பகட்டான தோற்றமும் மட்டும். கிளாடியேட்டருக்கு முதல் சீசனிலிருந்தே பறக்கும் டிராகன் ஒன்று பரிசு. யாரும் அதை எதிர்த்ததில்லை. டிராகன் மேல் ஏறி அரீனாவுக்குள் வர முடியாதல்லவா?

"ஆனால் கூட்டம் குறைந்துவிட்டதே" என்பது கடைசி வாதம். கத்திக்காக வந்தவர் கத்தி கிடைத்ததும் போய்விடுவார், அவரை வாசலில் நிறுத்தி வைத்து எண்ணிக்கை காட்டுவதில் யாருக்கு லாபம்? உண்மையில் ஆட்கள் எங்கே குறைகிறார்கள் என்று பார்க்கட்டும். 2022-இல் ரேட்டிங்கோடு வந்த சோலோ ஷஃபிளில் முன்பின் தெரியாத ஆறு பேர், அதில் இரண்டு ஹீலர், ஆறு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் கூட்டாளி மாறுவார். ஹீலர் கிடைக்காமல் மற்றவர்கள் வரிசையில் காத்துக் கிடக்கிறார்கள். ஆறு சுற்றிலும் முகம் தெரியாத ஆட்களிடம் திட்டு வாங்க எந்த ஹீலர் வருவார்? கத்தியைக் காட்டினால் மட்டும் வந்துவிடுவாரா?

பழையதைத் திரும்பக் கேட்பதென்றால் கேட்க வேறொன்று இருக்கிறது. 2013 வரை அரீனாவில் ஆட அணி என்று ஒன்று வேண்டும். சாசனம் வாங்கி, கூட்டாளிகள் கையெழுத்துப் போட்டு, அணிக்கு ஒரு கிறுக்குத்தனமான பெயர் வைத்து, கொடிக்கு நிறமும் சின்னமும் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறத்துக்காக அரை மணி நேரம் சண்டை போட்டவர்கள் உண்டு. அந்தக் கொடிக்கு ஒரு புள்ளி பலம்கூடக் கிடையாது.