பழைய பிள்ளைகளைத் தேடுங்கள்!

முதல் உலகப் போர் நடந்த காலம். பிரான்சு நாட்டுப் போர்முனையில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன. அதற்குள் புகுந்து, காயம்பட்ட வீரர்களை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், சில அமெரிக்க இளைஞர்கள். அவர்கள் சிப்பாய்கள் அல்ல, தொண்டர்கள்!

அவர்களுடைய சங்கத்தின் பெயர் "அமெரிக்கன் பீல்டு சர்வீஸ்". இரண்டாம் உலகப் போரிலும் சங்கம் இதே தொண்டைச் செய்தது.

1945-ல் போர் ஓய்ந்தது. இனி என்ன செய்வது? அடிபட்டவனைத் தூக்குவது நல்ல காரியம்தான். அடிதடியே வராமல் தடுப்பது அதைவிட நல்ல காரியம் அல்லவா?

அதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரு நாட்டுப் பிள்ளை, இன்னொரு நாட்டு வீட்டில் தங்கவேண்டும். அந்த வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கவேண்டும். அப்புறம் அந்த நாட்டின் மீது குண்டு போட மனம் வருமா?

1947-ல் 10 நாடுகளைச் சேர்ந்த 52 மாணவர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். இந்த ஏற்பாட்டை முன்நின்று நடத்தியவர் ஸ்டீபன் கலாட்டி. முதல் போரில் வண்டி ஓட்டியவர் அவர்.

கடிதம் நின்றது

படிப்பு முடிந்து பிரியும்போது கண்ணீர் வருகிறது. "மாதம் ஒரு கடிதம்" என்று வாக்குக் கொடுக்கிறார்கள். பிறகு?

கல்யாணம், பிள்ளைகுட்டி, உத்தியோகம். வீடு மாறுகிறது. பல பெண்களுக்குப் பெயரின் பின்பாதியே மாறிவிடுகிறது. கடிதம் நிற்கிறது.

1947-ல் 17 வயதுப் பிள்ளை என்றால், இன்று வயது 90-க்கு மேல். அன்று சோறு போட்ட தாய்மார்கள் போய்விட்டார்கள். மிஞ்சி இருக்கும் பிள்ளைகளையாவது தேடவேண்டாமா?

பணம் கேட்காதீர்கள்

இப்படிப் பிள்ளைகளை அனுப்பும் சங்கங்கள், பழைய மாணவரைத் தேடிப் பிடித்ததும் நன்கொடைச் சீட்டை நீட்டக்கூடாது. "எந்த வீட்டில் இருந்தீர்கள்? அங்கே யார் யார்? போட்டோ இருக்கிறதா?" என்று கேட்கவேண்டும். மனம் திறந்தால் மற்றது தானே வரும்.

தேடுவதற்கும் வழி உண்டு. பள்ளிக்கூட ஆண்டு மலரைப் புரட்டலாம். வளர்த்த வீட்டில் பழைய கடித உறை கிடக்கலாம். ஒருவர் கிடைத்தால், அவருக்குத் தெரிந்த நாலு பேர் கிடைப்பார்கள்.

"பழங்கதை பேசி என்ன லாபம்?" என்று சிலர் கேட்கலாம்.

லாபம் உண்டு! முதல் முறையாக மகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் தாய்க்கு எத்தனை பயம்! சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா? காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? இதற்கு அச்சடித்த தாள் பதில் சொல்லாது. போய் வந்தவர் சொன்னால்தான் தைரியம் வரும். அவர் தம் வீட்டுக் கதவையும் இன்னொரு நாட்டுப் பிள்ளைக்குத் திறந்துவிடக்கூடும். வாங்கிய கடனை அடைக்க இதைவிட நல்ல வழி ஏது?

சமாதான ஒப்பந்தத்தில் தலைவர்கள் கையெழுத்துப் போடலாம். அது நிலைப்பதற்கு, கடலுக்கு அப்பால் "நலமா?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

பெட்டியின் அடியில் பழைய விலாசம் கிடக்கிறதா? இன்றே இரண்டு வரி எழுதுங்கள். பதில் எழுத அங்கே ஆள் இருக்கும்போதே எழுதுங்கள்!