எஞ்சின் இல்லை, விலை மட்டும் ஏறுகிறது!

எஞ்சின் இல்லை, எரிபொருள் தொட்டி இல்லை, சுழலும் விசிறியும் இல்லை. நீண்ட இறக்கை, வால், ஒருவரோ இருவரோ உட்கார இடம், இவ்வளவுதான். இத்தகைய விமானத்தின் விலை என்ன இருக்கும்? மலிவாகத்தான் இருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் ஐரோப்பாவில் போட்டிகளில் பறக்கும் புதிய கிளைடர் ஒன்றின் விலை இன்று 1 லட்சம் யூரோவையும் தாண்டிவிட்டது. சரி, பழையதாக ஒன்றை வாங்கலாம் என்றால், கார்களின் விலை இறங்குவதுபோல் கிளைடரின் விலை இறங்குவதும் இல்லை. ஏதோ பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. இதில் அறிவியல் இருக்கிறது. இளைஞர்களின் எதிர்காலமும் இருக்கிறது.

கிளைடர் எப்படிப் பறக்கிறது? கயிற்றால் இழுத்தோ, வேறொரு விமானத்தின் பின்னால் கட்டியோ அதை மேலே ஏற்றி விடுகிறார்கள். பிறகு அது காற்றில் மெல்லச் சறுக்கிக் கீழே வருகிறது. வெயிலில் சூடேறி எழும் காற்று எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, பருந்தைப்போல் அதில் வட்டமிட்டால் மீண்டும் உயரலாம். 1 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதற்குள் எத்தனை கிலோமீட்டர் தூரம் போகிறது என்பதையே சறுக்கு விகிதம் என்கிறோம். 1 கிலோமீட்டர் இறங்குவதற்குள் 30 கிலோமீட்டர் சென்றால் விகிதம் 30. விலை ஏறிய கதை முழுவதும் இந்த ஓர் எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது.

தொடக்கத்தில் கிளைடர் ஏழை மாணவனின் விமானமாகத்தான் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின், 1919ஆம் ஆண்டின் வெர்சேல்ஸ் உடன்படிக்கை ஜெர்மனியின் விமானத் துறைக்குக் கடும் கட்டுப்பாடுகளை விதித்தது. எஞ்சின் விமானம் கைக்கு எட்டாத இளைஞர்கள் வாஸர்குப்பெ என்ற மலையில் கூடி, 1920இல் கிளைடர் போட்டி நடத்தினார்கள். மரச்சட்டம், ஒட்டுப்பலகை, துணி, பசை இவையே அன்றைய மூலப்பொருள்கள். 1931இல் வந்த குருனாவ் பேபி என்ற கிளைடரை வரைபடத்தைப் பார்த்து மன்றத்தினரே தங்கள் பட்டறையில் செய்துகொள்ள முடிந்தது. அதன் சறுக்கு விகிதம் சுமார் 17. அக்கால இளைஞர்கள் பறக்கக் கற்றுக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

மரத்துக்கு ஒரு குறை உண்டு. ஈரத்தில் அது சற்று உப்பும், வெயிலில் சுருங்கும். இறக்கையின் மேற்பரப்பில் மிகச் சிறிய மேடு பள்ளம் இருந்தாலும் அதைத் தழுவிச் செல்லும் காற்று கலைந்து, இழுவை கூடிவிடுகிறது. இதற்குத் தீர்வு கண்டவர்கள் யார் தெரியுமா? மாணவர்களே! ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழக மாணவர் குழுவில் உருவாகி 1957இல் பறந்த ஃபீனிக்ஸ், கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு செய்த முதல் கிளைடர் ஆகும். 1972இல் பிரவுன்ஷ்வைக் மாணவர் குழு தனது எஸ்.பி. 10 கிளைடரின் இறக்கையில் கார்பன் இழையைப் புகுத்தியது. இறக்கைகள் கண்ணாடிபோல் வழவழப்பாயின, நீண்டன, மெலிந்தன. சறுக்கு விகிதம் 40ஐயும், பிறகு 50ஐயும் கடந்தது.

விலையும் கூடவே ஏறியது. காரணம் மூலப்பொருள் மட்டுமன்று. கார் தொழிற்சாலையில் இயந்திரங்கள் லட்சக்கணக்கான கார்களை வார்த்துத் தள்ளுகின்றன. கிளைடரோ மிகக் குறைந்த எண்ணிக்கையில்தான் செய்யப்படுகிறது. அச்சுக்குள் இழைத்துணியை அடுக்கடுக்காகக் கையால் பரப்பி, பிசின் பூசி, இறுகவைத்து, பிறகு மணிக்கணக்கில் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். புதிய மாதிரி பாதுகாப்பானது என்று நிரூபிக்கும் சோதனைகளின் செலவு முழுவதும் அந்தச் சில கிளைடர்களின் தலையில்தான் விழுகிறது. போதாததற்கு, காற்று கைவிட்டால் உதவுவதற்கென்று இப்போது பலவற்றில் சிறு எஞ்சினையோ மின் மோட்டாரையோ பொருத்துகிறார்கள். எஞ்சின் இல்லாத விமானத்துக்கு எஞ்சின் விலையும் சேர்ந்துகொண்டது!

பழைய கிளைடரின் விலை ஏன் இறங்குவதில்லை? கண்ணாடி இழை மரத்தைப்போல் உளுத்துப்போவதில்லை. இரும்பைப்போல் துருப்பிடிப்பதும் இல்லை. 1980ஆம் ஆண்டுகளில் செய்த நல்ல கிளைடர் இன்றும் சறுக்கு விகிதம் 40 அளவில் பறக்கிறது. புதியதை வாங்க முடியாதவர்கள் எல்லோரும் அதையே தேடுகிறார்கள். தேவை மிகுந்தால் விலை உயரும் என்பது பொருளாதாரப் பாடம். வாங்கிய பிறகும் செலவு விடாது. மேற்பூச்சு வெயிலில் வெடிப்பு விட்டால் அதைச் சுரண்டி மீண்டும் பூசுவதற்குப் பல நூறு மணி நேர உழைப்பு வேண்டும்.

அப்படியானால் செலவைக் குறைக்கச் சோதனைகளைக் குறைக்கலாமா? கூடவே கூடாது. செக் நாட்டில் உருவான பிளானிக் எல்-13 என்ற உலோகக் கிளைடர் 1956இல் முதன்முதலாகப் பறந்தது. 2,600க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. பல நாட்டு மாணவர்கள் அதில்தான் பயின்றார்கள். 2010 ஜூன் மாதம் ஆஸ்திரியாவில் அவற்றுள் ஒன்றின் இறக்கை பறக்கும்போதே முறிந்தது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவது போன்ற உலோகச் சோர்வே காரணம். எல்-13 கிளைடர்கள் தரையிறக்கப்பட்டன. பல மன்றங்கள் ஒரே நாளில் தங்கள் பயிற்சி விமானத்தை இழந்தன. அதில் துயரம் இருந்தாலும், எடுத்த முடிவு சரியானதே. மலிவு வேண்டும், ஆனால் உயிரை விலையாகக் கொடுத்து அல்ல.

மலிவான கிளைடரைச் செய்ய முயற்சி நடக்காமல் இல்லை. சர்வதேச விமான விளையாட்டுக் கூட்டமைப்பு, உலக வகுப்பு என்ற பெயரில் எல்லோரும் ஒரே வகைக் கிளைடரில் போட்டியிடும் திட்டத்தை வகுத்தது. அதற்கெனப் போலந்து நாட்டின் வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான பி.டபிள்யூ. 5 தேர்ந்தெடுக்கப்பட்டது. கிளைடர் ஒன்றே என்றால் பணம் வெல்லாது, திறமையே வெல்லும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆயினும் அதன் சறுக்கு விகிதம் சுமார் 32. அதே அளவு பணத்துக்கு விகிதம் 40 உள்ள பழைய கிளைடர் கிடைக்கும்போது இது எதற்கு என்று பலர் ஒதுங்கினார்கள். பின்னர் அந்த வகுப்பே கைவிடப்பட்டது.

அவர்கள் கணக்கைத் தவறு என்று சொல்ல முடியாது. நெடுந்தூரம் பறக்க விரும்புகிறவருக்கு விகிதம் முக்கியமே. ஆனால் எண்ணை மட்டும் துரத்தினால் எங்கே போய் நிற்போம்? முதன்முதலாகப் பறக்க வரும் மாணவனுக்கு 50 எதற்கு? காற்றின் போக்கை உணரவும், உயரத்தைச் சிக்கனமாகச் செலவிடவும், எஞ்சினை நம்பாமல் தரையிறங்கவும் 30 தாராளமாகப் போதும். ஜெர்மனியில் 14 வயது நிறைந்த மாணவர் கிளைடரில் தனியாகப் பறக்கலாம். அந்த வயதில் கற்பது வாழ்நாள் முழுவதும் கைகொடுக்கும்.

இதற்குச் சான்று வேண்டுமா? 1983 ஜூலை 23 அன்று கனடாவில் போயிங் 767 விமானம் ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றது. பவுண்டு, கிலோகிராம் என்ற அலகுக் குழப்பத்தால் நேர்ந்த விபரீதம் அது! விமானி பாப் பியர்சன் கிளைடர் பறப்பதில் தேர்ந்தவர். அந்தப் பெரிய விமானத்தைக் கிளைடர்போலவே சறுக்கிக் கொண்டுவந்து, கிம்லி என்ற இடத்திலிருந்த பழைய ஓடுதளத்தில் இறக்கினார். அதிலிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தார்கள். கிளைடர் கைக்கெட்டாத பொருளாகிவிட்டால் நாளைய பியர்சன்கள் எங்கிருந்து வருவார்கள்?

என் கருத்து இதுதான். கிளைடரைத் தனியொருவர் வாங்கி நிறுத்திவைப்பதைவிட, ஒரு மன்றம் வாங்கி நாள் முழுவதும் பலர் மாறி மாறிப் பறப்பதே சிறந்தது. பணம் இல்லாதவர் உழைப்பைத் தர வேண்டும்; ஜெர்மன் மாணவர் குழுக்களில் இன்றும் பறக்க விரும்புகிறவர் பட்டறையில் வேலை செய்தாக வேண்டும். தகுதி பெற்றவரின் மேற்பார்வையில் பழுது பார்க்கக் கற்கும் மாணவர் செலவைக் குறைக்கிறார். அதோடு பொறியியலையும் கற்கிறார். விலையை ஏற்றிய கண்ணாடி இழையைக் கிளைடருக்குள் கொண்டுவந்தவர்கள் மாணவர்கள்தானே? மலிவும் உறுதியும் கொண்ட அடுத்த பொருளை அவர்களே ஏன் காணக்கூடாது?

ஒரு கிளைடர் எத்தனை கிலோமீட்டர் சறுக்குகிறது என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அது எத்தனை மாணவர்களை வானத்துக்கு ஏற்றியது என்றும் கேளுங்கள்.