மலிவான பயணச்சீட்டும் மூடப்படும் வான்வழியும்

2025 ஜூன் 23 அன்று கத்தர் தன் வான்வெளியை மூடியது. அமீரகம், பஹ்ரைன், குவைத் ஆகியவையும் அடுத்தடுத்து மூடின. அடைப்பு சில மணி நேரமே நீடித்தது. ஆனால் தோஹாவிலும் துபாயிலும் விமானம் மாற வேண்டிய ஆயிரக்கணக்கானோரின் பயணம் குலைந்தது. ஐரோப்பா, அமெரிக்கா செல்லும் தமிழகப் பயணிகளில் பலர் நம்பியிருப்பது இந்த வளைகுடா நிலையங்களைத்தான்.

இது தனித்த நிகழ்வல்ல. உக்ரைன் போரையடுத்து 2022 முதல் ஐரோப்பிய, அமெரிக்க விமானங்களுக்கு ரஷ்ய வான்வழி இல்லை. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியது. சில நாட்களில் இந்தியாவும் அவ்வாறே செய்தது. அதன்பின் ஏர் இந்தியாவின் டெல்லி - வட அமெரிக்க விமானங்கள் வியன்னா, கோபன்ஹேகன் போன்ற இடங்களில் இறங்கி எரிபொருள் நிரப்ப நேர்ந்தது. டெல்லி - வாஷிங்டன் சேவையை அந்நிறுவனம் 2025 செப்டம்பர் 1 முதல் நிறுத்தியே விட்டது.

வானம் இப்படி மாறிவிட்ட பிறகும் நாம் சீட்டு எடுக்கும் முறை மாறவில்லை. கூகுள் ஃப்ளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் போன்ற தேடுதளங்களைத் திறக்கிறோம். விலை குறைவானதை அழுத்துகிறோம். பெரும்பாலும் இத்தளங்கள் விற்பனையாளர்கள் அல்லர்; விலையை ஒப்பிட்டுக் காட்டி, விற்பவரிடம் அனுப்பிவிடுவதே இவற்றின் வேலை. பயணம் தடைபட்டால் யார் பொறுப்பு என்பதை வைத்து அவை வரிசைப்படுத்துவதில்லை. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, முழுப் பயணமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கிறதா என்பது. சென்னை - தோஹா - லண்டன் ஒரே பதிவாக இருந்து, முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால், வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு நிறுவனங்களின் தனித்தனிச் சீட்டுகளைத் தளம் இணைத்துக் காட்டியிருந்தால், இரண்டாவது சீட்டின் பணம் போனதுதான். இடையில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கலாம். அதற்கு அந்நாட்டின் விசாவும் தேவைப்படலாம். ‘தனித்தனிச் சீட்டுகள்’, ‘சுயமாக மாறுதல்’ என்ற பொருளில் சிறிய எழுத்தில் வரும் குறிப்பைப் படிக்காமல் பணம் கட்டக்கூடாது.

அடுத்தது, விற்பவர் யார் என்பது. அறிமுகமில்லாத இணைய முகவர் சில நூறு ரூபாய் குறைத்துத் தரலாம். ஆனால் விமானம் ரத்தானால், "முகவரிடம் கேளுங்கள்" என்பார் விமான நிறுவனத்தார். "நிறுவனத்திலிருந்து பணம் வரவில்லை" என்பார் முகவர். தேடுதளத்தில் விமானத்தைத் தேர்ந்துவிட்டு, நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ நேரில் சென்று கேட்கக்கூடிய உள்ளூர் முகவரிடமோ சீட்டு எடுப்பது நல்லது.

விலை பற்றியும் ஒரு விளக்கம். ஒரே வகுப்பு இருக்கைகளைப் பல கட்டணப் பிரிவுகளாகப் பிரித்தே விற்கிறார்கள். மலிவான பிரிவில் இரண்டு இடமே மீதமிருக்க, நால்வருக்குச் சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் நால்வருக்குமே அடுத்த பிரிவின் உயர்ந்த விலைதான் வரும். எனவே ஒருவருக்கு மட்டும் ஒருமுறை தேடி ஒப்பிடுங்கள். பிரித்து எடுத்தால் குடும்பத்தினர் வெவ்வேறு பதிவு எண்களில் இருப்பர் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். காட்டப்படும் விலையில் பெட்டிக்கான கட்டணம் அடங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கல்விக்காகச் செல்லும் மாணவரும், முதன்முறையாக மகளைப் பார்க்கக் கடல் கடக்கும் வயதான பெற்றோரும் அந்நிய விமான நிலையத்தில் தனியே சிக்கிக்கொண்டால், அங்கே ஓரிரவு தங்கவும் புதுச்சீட்டு வாங்கவும் ஆகும் செலவு, முன்பு மிச்சப்படுத்தியதைப் போலப் பல மடங்காகும். போரும் பதற்றமும் வான்வழிகளை எப்போது மூடும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. மூடினால் நமக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதைச் சீட்டு எடுக்கும்போதே தீர்மானிக்க முடியும்.