மருந்து அடிப்பதற்கு முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

திருப்பூர் காதர்பேட்டையில் பூச்சி என்று வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருவர் "மருந்து அடிச்சிரலாங்க்கா" என்பார். கரப்பானுக்கும் அதே பதில், கொசுவுக்கும் அதே பதில், ஷட்டருக்கு மேலே மண் கூடு கட்டும் குளவிக்கும் அதே பதில். என்ன மருந்து, எவ்வளவு, அடித்த பிறகு எத்தனை மணி நேரம் கதவைச் சாத்த வேண்டும் என்று திருப்பிக் கேட்டால், வியாபாரம் இல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், எக்ஸ்போர்ட் சர்ப்ளஸும் செகண்ட்ஸும் விற்கும் சந்துகளில் ஒன்றில் கடை வைத்திருக்கிறேன். கீழே கடை, மேலே குடோன். வீட்டை ஒட்டினாற்போல் சில லைன் வீடுகளை பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதனால் கடைப் பூச்சி, குடோன் பூச்சி, குடித்தனப் பூச்சி என்று மூன்றோடும் எனக்குப் பழக்கம் உண்டு. என் கட்சி இதுதான்: மருந்து கடைசியாகக் கூப்பிட வேண்டிய ஆள். நாம் அதை முதலில் கூப்பிட்டு வருகிறோம்.

குளவியிலிருந்தே தொடங்குகிறேன். ஊரில் எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான்.

குடோன் சுவரில், ஜன்னல் மூலையில், சில சமயம் தொங்கவிட்ட சாம்பிள் பீஸின் மடிப்பிலேயே ஈர மண்ணை உருட்டி வந்து அப்புகிறதே, அந்த ஒல்லி இடுப்புக் குளவி தனியாகத் திரியும் பிராணி. அதற்குக் காவல் காக்கும் பட்டாளம் கிடையாது. கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய பெரும்பாலும் கொட்டாது. வெள்ளை லாட் வந்திருந்தால் மண் கறை படும் என்று நானும் கூட்டைச் சுரண்டத்தான் செய்கிறேன். ஒருமுறை பட்டித் தகட்டால் பெயர்த்தபோது அறை உடைந்து உள்ளே இருந்தது கொட்டியது. அத்தனையும் சிலந்தி. பச்சை, சாம்பல், கோடு போட்டது என்று, கால்களை மடக்கிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தது. செத்தவை அல்ல. கொட்டி மயக்கிப் போட்டவை. நடுவில் வெளுப்பாக ஒரே ஒரு புழு. அது தின்று வளர்வதற்குத்தான் இத்தனை சேமிப்பு. கூட்டில் வட்ட ஓட்டை இருந்தால் குஞ்சு வெளியேறிவிட்டது என்று பொருள், பயப்படாமல் பெயர்க்கலாம். ஓட்டை இல்லையென்றால், வழியில் இல்லாத கூட்டைக் கொஞ்ச நாள் விட்டுவைத்தால் என்ன குறைந்துவிடும்?

என் மாமியார் காலத்தில் குளவி வீட்டுக்குள் கூடு கட்டினால் அந்த வீட்டில் யாரோ முழுகாமல் இருக்கிறார்கள் என்பார்கள். மண்ணின் நிறத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்கிறவர்களும் இருந்தார்கள். நான் அதை நம்பியதில்லை. ஆனால் அந்த நம்பிக்கை இருந்தவரை யாரும் கூட்டின் மேல் ஸ்பிரே அடிக்கவில்லை.

சன்ஷேடுக்கு அடியில் காகிதத்தால் செய்தது போலக் கூடு தொங்கவிடுகிறதே, அது வேறு ஜாதி. மர நாரைக் கடித்து எச்சில் கலந்து கட்டுகிறது. கூட்டமாக வாழும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் இந்த இனங்களில் ஒன்றைப் பல பத்தாண்டுகள் பார்த்து எழுதியிருக்கிறார். ரோப்பாலிடியா மார்ஜினேட்டா என்று பெயர். கூட்டில் எல்லோரையும் விடச் சாதுவாக உட்கார்ந்திருப்பது ராணிதானாம். ராணி இல்லாமல் போனால் வேலைக்காரக் குளவிகளில் ஒன்று திடீரென்று ஆக்ரோஷமாகி, கொஞ்ச நாளில் அதுவே ராணியாகி அடங்கிவிடுமாம். கம்பெனிகளில் சூப்பர்வைசர் மாறும்போது நான் பார்த்த கதையும் ஏறக்குறைய இதுதான்.

இந்தக் கூட்டுக்கு நம் ஆட்கள் எடுக்கும் ஆயுதம் பந்தம். குச்சியில் வேஸ்ட் துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, கொளுத்திக் காட்டுவது. இதைக் காதர்பேட்டையில் நினைத்துப் பார்க்கவே கூடாது. 2023 ஜூன் மாதம் ஓர் இரவில் இங்கே பனியன் பஜாரில் தீப்பிடித்து ஐம்பது கடை அளவுக்கு எரிந்தது. அட்டைப்பெட்டி, பாலிபேக், பருத்தித் துணி மூன்றும் கூரைவரை அடுக்கியிருக்கும் சந்து இது. அந்த இரவைப் பார்த்த பிறகும் சன்ஷேடுக்கு அடியில் ஒருவர் பந்தம் பிடிக்கிறார் என்றால் அவரிடம் பேச எனக்குப் பொறுமை இல்லை.

பெரிய குளவி இருக்கிறது, பத்திரிகைகள் விஷவண்டு என்று எழுதுவது. மரத்திலோ, பாழடைந்த கட்டடத்திலோ, மண்ணுக்குள்ளோ பெரிய கூடாகக் கட்டும். அதில் விளையாட்டு வேண்டாம். தேனீ கொட்டினால் கொடுக்கு நம் தோலில் மாட்டிக்கொள்ளும், அதோடு அதன் கதை முடிந்தது. குளவியின் கொடுக்கு வழவழப்பானது, ஒன்றே பலமுறை கொட்டும். ஒன்றை நசுக்கினால் அந்த வாசனைக்கே மற்றவை பாய்ந்து வரும். கல் எறிவதும் புகை போடுவதும் வேண்டாம், தீயணைப்புத் துறைக்கு 101 அடித்தால் போதும். பல இடங்களில் கொட்டியிருந்தாலோ, மூச்சு இரைத்தாலோ, முகம் வீங்கினாலோ சுண்ணாம்பு தேடி நேரத்தை வீணாக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஒவ்வாமை அதிகமான ஆளுக்கு அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும்.

குளவியின் மேல் எனக்கு மரியாதை வந்தது கடையில் அல்ல, உடுமலைப் பக்கத்துச் சொந்தக்காரர் தோட்டத்தில். பட்டுப்புழு வளர்க்கிறவர்கள். 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மல்பெரிக்கும் தாவியது. இலை முழுக்கப் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளை. மருந்து அடித்தால் மெழுகுப் பூச்சுக்குள் இருக்கும் பூச்சி சாவதில்லை, அடித்த இலையைத் தின்ற பட்டுப்புழுதான் சாகும். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் காலி செய்தது அந்தக் குளவி. மரவள்ளியில் மாவுப்பூச்சி வந்தபோதும் அதே வழிதான். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்த குளவியை 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். 2016இல் பொள்ளாச்சித் தென்னைகளில் சுருள் வெள்ளை ஈ வந்தபோது, பூச்சிமருந்து அடிக்காதீர்கள், ஈயைத் தின்னும் குளவியும் சேர்ந்து செத்துவிடும் என்று வேளாண் துறையினரே தோப்புத் தோப்பாகச் சொன்னார்கள். விவசாயிக்குச் சொன்ன அந்தப் பாடம் ஊருக்குள் கடைக்காரரிடம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

எங்களுக்கு உண்மையில் நஷ்டம் தருவது குளவி இல்லை, அட்டைப்பெட்டி. கம்பெனிகளிலிருந்து லாட் எடுக்கும்போது சரக்கோடு பெட்டியும் வருகிறது. பழைய பெட்டி ஒன்றின் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். இரண்டு தாளுக்கு நடுவே அலையலையாக ஓடும் காகிதக் குழாய்கள்தான் சின்னக் கரப்பானுக்குக் கட்டிவைத்த லைன் வீடு. பசையில் மாவுச்சத்து இருப்பதால் சாப்பாடும் அங்கேயே. பெட்டைக் கரப்பான் முட்டைப் பையை வால் பக்கம் சுமந்துகொண்டே திரியும், ஒரு பையில் முப்பது நாற்பது குஞ்சு. வெள்ளை டீ-சர்ட்டின் மடிப்பில் மிளகுத்தூள் தூவினாற்போல் புள்ளி தெரிந்தால் அந்தப் பண்டலே அடிமாட்டு விலைக்குப் போகும். இராமபாணம் இன்னும் மோசம். கஞ்சி ஏறிய லேபிளையும் துணியையும் அரித்து ஊசி ஓட்டை போடும். கேரளாவிலிருந்து வரும் வியாபாரி பீஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவுடனேயே கீழே வைத்துவிடுவார்.

இதற்குக் குடோன் முழுக்க ஸ்பிரே அடிக்கிறார்கள். அடித்த மருந்து துணியில் படிகிறது. கரப்பான் பக்கத்துக் கடைக்குப் போகிறது. எங்கள் கடைகளுக்கு நடுவே இருப்பது ஒரே சுவர். நான் செய்வது அலுப்பான வேலை. வந்த லாட்டைச் சந்திலேயே பிரித்து, உதறி, பழைய பெட்டியை அன்றே காயலான் கடைக்கு அனுப்பிவிடுவேன். சரக்கைத் தரையில் வைக்காமல் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பலகையில் அடுக்குவேன். கரப்பானுக்குக் கடுகளவு ஜெல் மருந்தை இடுக்குகளில் மட்டும் வைக்கச் சொல்வேன். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரேயும் அடித்தால் கரப்பான் ஜெல்லைத் தொடாது, இரண்டு செலவும் வீண். டீ குடித்த கப்பைக் குடோனில் போடக்கூடாது என்பதற்காகப் பையன்களோடு தினமும் சண்டை. இதில் பெருமை ஒன்றுமில்லை, கால் வலிதான் மிச்சம்.

லைன் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மூட்டைப்பூச்சி என்றால் வீட்டுக்காரர்கள் ஒடிசாக்காரப் பையன்களையும் பீகார்க்காரப் பையன்களையும் கைகாட்டுகிறார்கள். மதுரை, தேனி, ராமநாதபுரத்திலிருந்து ஆட்கள் வந்த காலத்தில் இந்த ஊர் சினிமா தியேட்டர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள், அது எப்போதிலிருந்து இருக்கிறது என்று சொல்வார்கள். 2023இல் பாரிஸ் நகரமே மூட்டைப்பூச்சிக்கு அலறியது. நாம் சரக்கு அனுப்பும் ஊர் அது. அங்கே யாரும் திருப்பூரையோ ஒடிசாவையோ குற்றம் சொல்லவில்லை. பைக்குள் ஏறிப் போகும் பூச்சி அது, யார் பை என்று பார்க்காது.

பகல் ஷிப்ட் ஆள் எழுந்த பாயில் நைட் ஷிப்ட் ஆள் படுக்கிறார். படுக்கை ஆறுவதே இல்லை, பூச்சிக்கு இரவு பகல் இரண்டு வேளையும் விருந்து. தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தைச் சில்லறையாகத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வாங்கி வந்து, பத்துக்குப் பத்து அறையில் தெளித்துவிட்டு அங்கேயே தூங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூச்சி சுவர் விரிசல் வழியாக அடுத்த வீட்டுக்கு நகரும். சாதாரண ஸ்பிரே மருந்துக்கு மூட்டைப்பூச்சி பல நாடுகளில் பழகிவிட்டது, நம் ஊரில் மட்டும் பயந்து சாகப் போவதில்லை. சூட்டுக்குத்தான் அது தாங்காது. என் குடித்தனக்காரர்களில் ஒரு அயனிங் மாஸ்டர் கம்பெனியில் பழைய ஸ்டீம் அயன் பெட்டி ஒன்றை இரவல் கேட்டு வந்து, கட்டில் சட்டத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் ஆவியை மெதுவாகப் பாய்ச்சினார். மெதுவாக என்பதுதான் முக்கியம், வேகமாக இழுத்தால் சூடு உள்ளே இறங்காது. போர்வை, தலையணை உறை எல்லாம் கொதிநீரில். சுவர் விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்தோம்.

அந்தச் செலவை நான்தான் ஏற்றேன், வாடகையில் கழிக்கவில்லை. வீட்டுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. ஒரு அறையை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை, வரிசை முழுவதையும் ஒரே நாளில் செய்ய வேண்டும். அதை ஏற்பாடு செய்யக் குடித்தனக்காரரால் முடியாது. சுவர் யாருடையதோ பூச்சியும் அவருடையதுதான்.

கொசுவுக்கு இரண்டு வரி போதும். புகை மருந்து வண்டி தெருவில் வந்தால் நமக்கு ஒரு திருப்தி, ஆனால் அது சாகடிப்பது பறக்கும் கொசுவை மட்டும். தண்ணீர் விட்டு விட்டு வரும் ஊரில் எல்லா வீட்டிலும் நீல பேரல் உண்டு. டெங்கு கொசு முட்டையை அதன் உள்சுவரில் ஒட்டிவிட்டுப் போகும், தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த தண்ணீரில் பொரிக்கும். தண்ணீரைக் கொட்டினால் போதாது, வாரம் ஒருமுறை பிரஷ் போட்டு உள்பக்கத்தைத் தேய்க்க வேண்டும்.

சரி, மருந்தே வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், சில இடங்களில் வேறு வழி இல்லை. ஆனால் யார் கையில்? 2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில் எலிக்காக வீட்டுக்குள் ஆள் வைத்துப் போட்ட மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்தன. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971ஆம் ஆண்டு விதிகளும் பணம் வாங்கிக்கொண்டு பூச்சி ஒழிக்கிறவர் உரிமம் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. எங்கள் சந்தில் முதுகில் டேங்க் மாட்டி வருகிறவரிடம் உரிமம் கேட்ட கடைக்காரர் யாரையும் நான் பார்த்ததில்லை. மருந்து டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். லேபிளில் முனையில் நிற்கும் சதுரக் கட்டம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள். சிவப்பு கடும் விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. டப்பாவே இல்லை, வேறு பாட்டிலில் ஊற்றி எடுத்து வந்தேன் என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எங்கள் சந்துக்கு நான் கேட்பது ஒன்றே ஒன்று. எல்லாக் கடையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளை வெளியே எடுத்து, குடோனைக் கூட்டி, பழைய அட்டையை மொத்தமாக ஒரே லாரியில் ஏற்றிவிட வேண்டும். உரிமம் உள்ள ஒருவரை அழைத்து எல்லா இடுக்கிலும் ஒரே நாளில் ஜெல் வைக்க வேண்டும். ஒரு கடை மட்டும் செய்தால் என் கரப்பான் அடுத்த கடைக்காரரிடம் போகும், அவருடையது என்னிடம் வரும். பக்கத்துக் கடை அண்ணனிடம் சொன்னேன். "நல்ல யோசனைங்க்கா, தீபாவளி சீசன் முடியட்டுங்க" என்றார். தீபாவளி முடிந்தால் பொங்கல் லாட் வந்து இறங்கும், அதோடு பெட்டியும் வந்து இறங்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே என் கடையிலிருந்து ஆரம்பிக்கிறேன். லாரிக்குச் சொல்லியாயிற்று, இடம் மீதி இருக்கிறது, அட்டை போடுகிறவர்கள் காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள்.