வண்டி வளர்ந்தால் வளமா?

தம்பிலுவில் போன்ற எமது வயற்கிராமங்களில் வண்டி என்பது மாட்டுவண்டியை மட்டும் குறிப்பதன்று. முன்தள்ளிய வயிற்றுக்கும் அதுவே பெயர். போடியார் என்றால் வண்டி இருக்கத்தான் வேண்டும் என்று எண்ணிய காலமொன்று இருந்தது. வயிற்றைச் செல்வத்தின் அடையாளமாக மதிக்கும் அப்பழக்கத்தை நாம் இன்னும் கைவிடவில்லை என்பதே என் கவலை.

பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் எத்தனையோ மரண அறிவித்தல்களை அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். ஐம்பதை ஒட்டிய வயதில் மாரடைப்பால் மறைந்தவர்கள் அவற்றில் பலர். "ஆள் அப்படியொன்றும் பருமனில்லையே!" என்று உறவினர் வியப்பதையும் கேட்டிருக்கிறேன்.

அந்த வியப்புக்கு மருத்துவம் விடை தந்துவிட்டது. பூனே நகர மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் இருவரும் 2004 இல் லான்செட் இதழில் தம்மையே உதாரணமாக்கினர். இருவரதும் உடற்திணிவுச் சுட்டி ஒன்றே: 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசு காட்டாத கொழுப்பு நம்மவர் உடலில் ஒளிந்திருக்கிறது.

அது வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சூழ்ந்து தங்கும்போதுதான் ஆபத்து. அங்கிருந்து கொழுப்பமிலங்கள் நேரே ஈரலைச் சென்றடைகின்றன. இரத்தத்தில் கொழுப்பு கூடுகிறது, இன்சுலின் வலுவிழக்கிறது, இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுரு நாடிகளின் சுவரில் கொழுப்புப் படிகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்பின் ஒன்பது முக்கிய காரணிகளுள் வயிற்றுப் பருமனையும் சேர்த்தது. இலங்கை உள்ளிட்ட தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது என்றும், பிற நாட்டவருக்கு ஏறத்தாழ 59 இல் வருகிறது என்றும் அவ்வாய்வு 2007 இல் கூறியது. ஆறு ஆண்டுகள்! ஒரு பிள்ளை பல்கலைக்கழகப் படிப்பை முடிக்கப் போதுமான காலம்.

சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2005 இல் தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என இடையளவின் எல்லையை வகுத்தது. அதாவது முறையே சுமார் முப்பத்தைந்தரை, முப்பத்தொன்றரை அங்குலம். காற்சட்டையின் அளவை நம்பாதீர்கள். அது வண்டிக்குக் கீழே இறங்கிவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும்.

இன்று வயலை இயந்திரம் உழுகிறது, இயந்திரமே வெட்டுகிறது. தட்டில் விழும் சோறு மட்டும் கைவெட்டுக் காலத்து அளவிலேயே நிற்கிறது. வண்டிக்கு நம் வசதியை விட இந்தக் கணக்குப் பிழையே காரணம்.

புலம்பெயர்ந்த அன்பர்கள் ஊருக்கு விலையுயர்ந்த மருத்துவக் கருவிகளை அனுப்புவது பாராட்டத்தக்கது. ஆனால் கோயில் திருவிழாவிலும் பாடசாலை விழாவிலும் ஒரு மேசை, ஓர் அளவுநாடா, பயிற்சிபெற்ற ஒருவர் இருந்தால், வைத்தியசாலைக் கட்டிலுக்கு முன்பே பலரை மறிக்கலாம். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இதை வாசிப்பவருக்கும் இதே எல்லைதான். தையற்பெட்டியிலுள்ள நாடாவை இன்றே எடுங்கள்.